ரிசர்வ் படை வழக்கறிஞரின் பதவி உயர்வு நாளை முன்தேதியிடக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தரைப்படையில் வழக்கறிஞர்களாக இருக்கும் அதிகாரிகளை ‘ஜாக்’ என்பார்கள். ரிசர்வ் பிரிவு ஜாக் அதிகாரிக்கு வார நாட்களில் சொந்த வக்கீல் வேலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை. பதவி உயர்வு ஆணை கைக்கு வரும்போது, அதிலுள்ள தேதி வரவேண்டிய தேதியைவிட ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ தள்ளி நிற்பது இவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. அந்தத் தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்தப் பக்கம். மாநிலங்களின் கீழும் இயங்கும் நேஷனல் கார்டு படையில் இருப்பவர்களுக்கு விதி கொஞ்சம் வேறு. அதற்குத் தனிக் கேள்வி கீழே உண்டு.

ஆணையில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. எதைத் திருத்தக் கேட்பது?

இரண்டையும். ‘டேட் ஆஃப் ராங்க்’ எனப்படும் பதவி நாள் பணிமூப்பைத் தீர்மானிக்கிறது. அடுத்த பதவிக்கான தேர்வுக் குழு உங்களை எந்த ஆண்டு பார்க்கும் என்பதும் அதை வைத்துத்தான். நடைமுறை நாள் என்பது புதிய பதவிக்கான சம்பளம் எண்ணப்படும் நாள். மனுவில் பதவி நாளை மட்டும் எழுதிவிட்டு, திருத்தம் கிடைத்த பிறகு நிலுவை எங்கே என்று கேட்டால் இன்னொரு மனு போட வேண்டியிருக்கும்.

எவ்வளவு முன்னால் கேட்கலாம்?

மனு ஜெயிப்பதும் தோற்பதும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. ரிசர்வ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைக்கப் பல பூட்டுகள் திறக்க வேண்டும். குறைந்தபட்சப் பதவிக்காலம் முடிந்திருக்க வேண்டும். தேர்வுக் குழு தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டியலுக்கு மேலிட ஒப்புதல் வந்திருக்க வேண்டும். அந்தப் பதவிக்குரிய ராணுவப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். பிரிவில் உயர்பதவிக்கான இடத்தில் நீங்கள் அமர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதிகபட்சப் பதவிக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். விசாரணை போன்ற காரணத்தால் உயர்வை நிறுத்திவைக்கும் தடைக்குறி எதுவும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. இந்தப் பூட்டுகளில் கடைசியாகத் திறந்தது எதுவோ, அதன் தேதிதான் நீங்கள் கேட்கக்கூடிய மிக முந்தைய நாள்.

கணக்குக்கு ஒன்றைப் பார்ப்போம். கேப்டன் பதவி நாள் 2015 ஜூன் 1. கேப்டனிலிருந்து மேஜருக்கு அதிகபட்சக் காலம் 7 ஆண்டு. ஆக 2022 ஜூன் 1 அன்று அது முடிகிறது. தேர்வுப் பட்டியலுக்கு ஒப்புதல் 2021 நவம்பர் 10. மேம்பட்ட படிப்பு முடிந்தது 2021 ஜனவரி 14. மேஜர் இடத்துக்கு மாற்றிய ஆணை 2022 பிப்ரவரி 15. கையில் வந்த பதவி உயர்வு ஆணையோ 2022 செப்டம்பர் 1 என்கிறது. இவர் கேட்க வேண்டியது பிப்ரவரி 15. பட்டியல் வந்த நவம்பரையே கேட்டால், மேஜர் இடம் அப்போது இல்லையே என்ற ஒரே வரியில் மனு முடிந்துபோகும். மனுவைப் பார்க்கும் திருத்த வாரியம் (ராணுவப் பதிவுகளில் உள்ள பிழையைத் திருத்தும் அமைப்பு) தானாகவே பிப்ரவரியைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம்.

பதவிக்கால விதி எங்கே இருக்கிறது?

ரிசர்வ் அதிகாரிகளின் பதவி உயர்வுக்கு 1994-இல் தனிச் சட்டம் வந்தது. 1996 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று அது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 14000 வரிசைப் பிரிவுகளாக இருக்கிறது. குறைந்தபட்சக் காலம் 14303-ஆம் பிரிவில், அதிகபட்சம் 14304-இல். முதல் லெப்டினன்ட்டுக்கு அதிகபட்சம் 5 ஆண்டு, கேப்டனுக்கும் மேஜருக்கும் தலா 7. தரைப்படையின் உள் ஒழுங்குமுறை ஏஆர் 135-155. சட்டம் சொல்லும் குறைந்தபட்சமும் ஒழுங்குமுறை சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மனுவில் இரண்டையும், சம்பவம் நடந்த ஆண்டில் இருந்த வடிவத்தில், மேற்கோள் காட்டுங்கள். இன்றைய வடிவத்தை எடுத்துவைத்து வாதாடுவது வக்கீல்களே செய்யும் பிழை.

சட்டக் கல்லூரியில் படித்த மூன்று ஆண்டும் பணிமூப்பில் சேருமா?

சேரும், ஆனால் நியமனத்தின்போதே. 12207-ஆம் பிரிவின்படி முதல் நியமனத்தில் தொழிற்படிப்புக்கு வரவு கொடுக்கிறார்கள். மூன்று ஆண்டுச் சட்டப் படிப்புக்கு 3 ஆண்டு. அதனால்தான் ஜாக் அதிகாரி இரண்டாம் லெப்டினன்ட்டாகத் தொடங்காமல் முதல் லெப்டினன்ட்டாகவே உள்ளே வருகிறார். அந்தப் பதவிக்கு ஈடானது போக மிஞ்சும் வரவு, பதவி நாளைப் பின்னோக்கித் தள்ளும். மிச்சம் ஓராண்டு என்றால், முதல் லெப்டினன்ட் பதவி நாள் நியமன நாளுக்கு ஓராண்டு முந்தையதாக இருக்க வேண்டும்.

பிழை நுழைவது இங்கேதான். மிச்ச வரவைச் சேர்க்க மறந்து, நியமன நாளையே பதவி நாளாகப் போட்டுவிடுவார்கள். கேப்டன் உயர்வு தள்ளிப்போகும், அதன் வால்பிடித்து மேஜரும் தள்ளிப்போகும். பிடிபடுவது பத்து ஆண்டு கழித்து. நியமனத்தின்போது போட்ட வரவுக் கணக்குத் தாள் கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே காலத்தை இருமுறை எண்ண முடியாது: அதிகாரியாக ரிசர்வில் இருந்துகொண்டே சட்டம் படித்தவருக்கு, அந்த ஆண்டுகள் பணியாகவோ படிப்பாகவோ ஒருமுறைதான் வரும். அடுத்து, சாதாரணப் படைவீரராக இருந்த காலம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எண்ணப்படும்; நுழைவுப் பதவி வரவுக்கு எண்ணப்படாது. ‘எட்டு ஆண்டு சார்ஜென்ட்டாக இருந்தேன், அதைச் சேர்க்கவில்லை’ என்று வரும் மனுக்கள் எல்லாம் ஒரே முடிவுக்குத்தான் போகின்றன.

படிப்பை முடித்துவிட்டேன், ஆனால் ‘படிப்புத் தகுதி இல்லை’ என்று குழு ஒதுக்கிவிட்டது. ஏன்?

சான்று கோப்பில் ஏறவில்லை. ஜாக் அதிகாரிக்கு அடிப்படைப் படிப்பும் மேம்பட்ட படிப்பும் வர்ஜீனியா மாநிலம் சார்லட்ஸ்வில்லில் உள்ள ராணுவச் சட்டப் பள்ளி நடத்துவது. அடிப்படைப் படிப்பு கேப்டனாவதற்கு, மேம்பட்டது மேஜராவதற்கு. படிப்பு முடிந்ததும் 1059 எண் படிவத்தில் மதிப்பீட்டு அறிக்கை வரும். அது ‘ஐபெர்ம்ஸ்’ மின்கோப்பில் ஏற வேண்டும். முழுநேரப் பணியில் இருப்பவருக்கு அலுவலகத்தில் யாராவது இதைக் கவனிப்பார்கள். மாதம் இரண்டு நாள் மட்டும் போகும் ரிசர்வ் அதிகாரிக்கு அவரேதான் கவனிக்க வேண்டும். சான்றில் உள்ள முடிப்பு நாள் குழு கூடிய நாளுக்கு முன்னால் இருந்தால் உங்கள் வழக்கு வலுவானது. பின்னால் இருந்தால், விலக்கு கேட்டிருந்தாலொழிய வழக்கே இல்லை.

குழு என் கோப்பையே பார்க்கவில்லை, அல்லது குறைக் கோப்பைப் பார்த்தது. யாரிடம் போவது?

நேரே திருத்த வாரியத்துக்கு ஓடாதீர்கள். இதற்குச் சட்டமே ஒரு வாசல் வைத்திருக்கிறது: 14502-ஆம் பிரிவு சொல்லும் சிறப்புத் தேர்வுக் குழு. நிர்வாகப் பிழையால் உங்கள் பெயர் குழுவின் முன் போகவே இல்லையென்றால் அதைக் கூட்டியாக வேண்டும். பெயர் போயும் தேர்வாகவில்லை என்றால், குழு சட்டத்துக்கு முரணாக நடந்தது, முக்கிய உண்மைப் பிழை இருந்தது, முக்கியத் தகவல் அதன் முன் இல்லை, இவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். மனு போக வேண்டிய இடம் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகம்.

இந்த வாசலின் அருமை என்னவென்றால், சிறப்புக் குழு தேர்ந்தெடுத்தால் பழைய குழுவே தேர்ந்தெடுத்திருந்தால் கிடைத்திருக்கும் பதவி நாள், சம்பள நாள், பட்டியல் இடம் மூன்றும் சேர்ந்தே வரும். முன்தேதிக்குத் தனி வாதம் வேண்டாம்.

அடிபடுவது ஒரு கேள்வியில்: நீங்கள் உங்கள் கோப்பைப் பார்த்தீர்களா? குழு கூடுமுன் ஒவ்வொருவரும் தன் கோப்பைத் திறந்து பார்க்க வாய்ப்பு உண்டு. குழுவுக்கு எழுத்தில் கடிதம் அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. இரண்டையும் செய்யாமல், மூன்று ஆண்டுக்கு முந்தைய மதிப்பீட்டு அறிக்கை விட்டுப்போனது என்றால், நியாயமான அக்கறை காட்டவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். பார்த்தீர்கள், திருத்தக் கேட்டீர்கள், அலுவலகம் செய்யவில்லை என்றால் அந்த மின்னஞ்சல்தான் உங்கள் வழக்கின் உயிர்.

ஆணை கையொப்பமாக எட்டு மாதம் ஆனது. அந்தத் தாமதத்தை ஈடுகட்டச் சொல்லலாமா?

பெரும்பாலும் முடியாது. அதிகாரி நியமனம் என்பது ஜனாதிபதியின் அதிகாரம். லெப்டினன்ட் கர்னல் வரையிலான ரிசர்வ் பதவிகளுக்கு ஜனாதிபதியே போதும். கர்னலும் அதற்கு மேலும் என்றால் செனட் ஒப்புதலும் வேண்டும். அந்த அதிகாரத்தின்கீழ் கையொப்பமாகும் பெயர்ப் பட்டியலை ‘ஸ்க்ரோல்’ என்பார்கள். எல்லாருக்கும் பொதுவான, வழக்கமான தாமதத்தைப் பிழை என்று யாரும் ஏற்பதில்லை. உங்கள் பெயர் மட்டும் ஒரு பட்டியலில் விட்டுப்போய், அடுத்ததில் ஏறியது என்றால் அது வேறு கதை. விட்டுப்போன பட்டியலின் தேதியும், அதில் உங்களோடு தேர்வானவர்கள் இருந்தார்கள் என்பதற்கான சான்றும் தேடுங்கள்.

விசாரணையில் இருந்ததால் நிறுத்திவைத்தார்கள். பிறகு குற்றமில்லை என்றார்கள்.

14311-ஆம் பிரிவு உங்கள் பக்கம். இப்படி நிறுத்திவைத்து, பிறகு தடை நீங்கிப் பதவி உயர்ந்தால், தாமதமே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் பதவி நாளும் சம்பள நாளும் திரும்பக் கிடைக்க வேண்டும். இடையில் கொஞ்ச காலம் தகுதியற்றவராக இருந்தார் என்று துறைச் செயலர் முடிவு செய்தால் மட்டும் அது குறையும். தடை நீங்கியதைக் காட்டும் 268-ஆம் எண் படிவத்தில் எந்தக் காரணத்தின்கீழ் மூடினார்கள் என்று பாருங்கள். சாதகமாக மூடியதும் ‘தண்டனைக் காலம் முடிந்தது’ என்று மூடியதும் ஒன்றல்ல.

நான் நேஷனல் கார்டில் இருக்கிறேன்.

உங்களுக்கு இரண்டு எஜமானர்கள். மாநிலம் உயர்வு ஆணை போட்டாலும், கூட்டாட்சி அங்கீகாரம் வரும்வரை ராணுவத்தின் கண்ணில் நீங்கள் பழைய பதவிதான். முன்பெல்லாம் அந்தத் தாமதத்துக்குப் பரிகாரம் கிடையாது. இப்போது 14308-ஆம் பிரிவில் 100 நாள் விதி உண்டு: விண்ணப்பம் முழுமையாக வந்துவிட்டது என்று நேஷனல் கார்டு பணியகம் ஏற்ற நாளிலிருந்து 100 நாளுக்கு மேல் இழுத்து, அதற்கு நீங்கள் காரணமில்லை என்றால் நாளைத் திருத்தலாம். மாநில உயர்வு 2024 ஜனவரி 1-க்கு முன் என்றால் திருத்துவது செயலரின் விருப்பம். அன்றோ அதற்குப் பிறகோ என்றால் கட்டாயம். எண்ணிக்கை மாநிலம் அனுப்பிய நாளிலிருந்து அல்ல. பணியகம் ‘முழுமை’ என்று குறித்த நாளிலிருந்து. ஒரு தாள் குறைந்து கோப்பு திரும்பி வந்திருந்தால் கடிகாரம் அன்று ஓடவே இல்லை.

திருத்த வாரியத்துக்கு மனு போடுவது எப்படி?

வேறு வாசல் இல்லாதபோதும், மற்ற வாசல்கள் மூடிய பிறகும் போகும் இடம் ராணுவப் பதிவுத் திருத்த வாரியம். அதிகாரம் 1552-ஆம் பிரிவு. 1946-க்கு முன் இப்படி ஒரு தேதியை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது; அந்தச் சுமையை இறக்கத்தான் வாரியங்கள் வந்தன.

படிவம் டிடி 149. கட்டணம் இல்லை. இணையத்திலும் அனுப்பலாம். ‘கேட்கும் திருத்தம்’ என்ற கட்டத்தில் ஒரே வாக்கியம் போதும்: மேஜர் பதவி நாளையும் நடைமுறை நாளையும் 2022 செப்டம்பர் 1-இலிருந்து 2022 பிப்ரவரி 15-க்கு மாற்றி, நிலுவையை வழங்குக. ‘நீதியான நாளுக்கு மாற்றுக’ என்று எழுதினால், நாளைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்கள் தலையில் போடுகிறீர்கள். அவர்கள் செய்ய மாட்டார்கள்.

கூடவே இரண்டு பக்கக் குறிப்பு, அதில் ஒரு காலவரிசை. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இணைப்பு எண். வழக்கமாகத் தேவைப்படும் இணைப்புகள்: நியமன ஆணையும் வரவுக் கணக்கும், இரு பதவி உயர்வு ஆணைகள், இட மாற்ற ஆணை, 1059 படிவம், தேர்வுப் பட்டியல் வெளியான அறிவிப்பு, பிழையை ஒப்புக்கொள்ளும் அல்லது காட்டும் மின்னஞ்சல்கள். உங்கள் பிரிவின் பணியாளர் அதிகாரி ‘மாற்ற ஆணையை நாங்கள்தான் தாமதமாகப் போட்டோம்’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், அது பத்துப் பக்க வாதத்துக்குச் சமம்.

ஜாக் அதிகாரிகளின் மனுவில் ஒரு தனி நோய் உண்டு: நாற்பது பக்கம், அடிக்குறிப்பு, நீதிமன்றத் தீர்ப்புகள். படிப்பவர்கள் சிவிலியன் உறுப்பினர்கள் மூவர். அவர்கள் தேடுவது பிழையையும் தாளையும். அரசு ஆவணம் சரியாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தோடு தொடங்குகிறார்கள். அதை உடைக்கும் சுமை உங்களுடையது.

மூன்று ஆண்டு கெடு தாண்டிவிட்டதே?

கெடு, பிழையை நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து 3 ஆண்டு. நீதியின் நலன் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம். முழுநேரப் பணியில் இருந்த காலம் கெடுவில் சேராது என்று 1994-இல் டெட்வைலர் எதிர் பெனா வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது; அணிதிரட்டலில் வெளிநாடு போன மாதங்களைக் கழித்துக்கொள்ள ஆணைகளை இணையுங்கள். தாமதம் ஏன் என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ‘2023-இல் அடுத்த குழுவுக்காகக் கோப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது’ என்பது போதுமான பதில். ஆனால் பழைய பதவி நாளுடன் வந்த ஆணையில் அன்றே கையெழுத்திட்டிருந்தால், அன்றே தெரியாதா என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள்.

‘ஆலோசனைக் கருத்து’ என்று ஒன்று வந்திருக்கிறது. எனக்கு எதிராக இருக்கிறது.

மனு போனதும் வாரியம் மனிதவளத் தலைமையகத்திடம் கருத்து கேட்கும். அது உங்களுக்கும் வரும். பதில் தர உரிமை உண்டு. கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும், அது குறுகியது. பலர் வாரியம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். பதிலில்லாத எதிர்க் கருத்துதான் தீர்ப்பாக மாறும். கருத்தில் எந்தப் பூட்டு திறக்கவில்லை என்கிறார்களோ, அதன் சாவியை மட்டும் காட்டுங்கள். சில நேரம் நீங்களே மறந்துபோன தாள் ஒன்று இங்கே முளைக்கும்: இருந்த இடத்தை விட மனமில்லாமல், உயர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி நீங்கள் கையெழுத்திட்ட கடிதம். 14312-ஆம் பிரிவு அதற்கு 3 ஆண்டு வரை இடம் தருகிறது. அப்படி ஒன்று இருந்தால், அந்த மாதங்களைக் கேட்பதில் பயனில்லை.

நிலுவை எவ்வளவு வரும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஒரு பயிற்சி அமர்வுக்கு மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு வார இறுதி என்பது நான்கு அமர்வு. ஆண்டுக்கு 48 அமர்வும், ஆண்டுப் பயிற்சி சுமார் 15 நாளும் சேர்த்து 63. இரு பதவிகளுக்கும் மாதச் சம்பள வித்தியாசம் 600 டாலர் என்று வைத்தால், அமர்வுக்கு 20, ஆண்டுக்கு 1,260. அதுவும் போன அமர்வுகளுக்குத்தான். இடையில் ஓராண்டு அணிதிரட்டலில் முழுநேரம் இருந்திருந்தால் தொகை வேறு. சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் இவ்வளவு பாடு?

அடுத்த பதவிக்காக. பதவி நாள் முன்னால் போனால், நீங்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டிய குழு ஒன்று ஏற்கெனவே கடந்திருக்கலாம். அதற்குச் சிறப்புக் குழு கேட்கலாம். லெப்டினன்ட் கர்னலாகவோ அதற்கு மேலோ ஓய்வு பெற பொதுவாக அந்தப் பதவியில் 3 ஆண்டு வேண்டும். ஓய்வை ஒட்டி நிற்பவருக்கு ஆறு மாதம் பெரிய விஷயம்.

மறுபக்கமும் உண்டு. நாள் முன்னால் போனால் கட்டாயப் பரிசீலனையும் முன்னால் வரும். புதுப் பதவியில் ஒரே ஒரு மதிப்பீட்டு அறிக்கையோடு குழுவின் முன் நிற்க நேரலாம். கேப்டனாக இருமுறை தேர்வாகாவிட்டால் பணி நிலையிலிருந்தே விலக்கப்படுவீர்கள். அடுத்த குழுவின் தேதி வரம்புகளைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

என்னோடு சேர்ந்தவர்களுக்கு முன்பே கிடைத்தது. அதைக் காட்டலாமா?

காட்டலாம், பலன் குறைவு. அவர்களுக்கு மேஜர் இடம் முன்பே கிடைத்திருக்கும். ரிசர்வில் இடம்தான் பாதி விதி. ஒரே பட்டியலில் இருந்தும் உங்கள் பெயர் மட்டும் விட்டுப்போனதைக் காட்ட உதவும் அளவுக்குத்தான் ஒப்பீடு.

மறுத்துவிட்டார்கள்.

வாரியம் முன்பு பார்க்காத சான்று இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். பழைய தாள்களையே வேறு சொற்களில் அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். அதற்கு மேல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். நீதிமன்றம் உங்களுக்குப் பதவி உயர்வு தராது. வாரியம் காரணம் சொல்லாமல் முடிவெடுத்ததா என்று பார்த்து, திருப்பி அனுப்பும். பணத்துக்காக மட்டும் என்றால் கூட்டாட்சி உரிமைக் கோரிக்கை நீதிமன்றம், 6 ஆண்டுக் கெடு.

ஏற்றுக்கொண்டார்கள். இனி?

மனிதவளத் தலைமையகம் திருத்திய ஆணை போடும். அது மின்கோப்பில் ஏறியதா, பழைய ஆணை நீங்கியதா, சம்பள அலுவலகத்துக்குப் போனதா என்று மூன்றையும் தனித்தனியே பாருங்கள். பழைய ஆணையும் புதியதும் சேர்ந்து கோப்பில் கிடந்தால், அடுத்த குழுவுக்கான பட்டியல் எடுப்பவர் எதைப் படிப்பார் என்று சொல்ல முடியாது.